ஜஸீலா சரின்னு சொன்ன மருந்து

தேவிபட்டினம்

அன்புள்ள மகன் ஃபஹதுக்கு உம்மா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால இங்கன எல்லாரும் சுகம், சவூதியில, தம்மாம்ல நீயும் சுகமா இருக்க துஆ செய்யிறேன். போன்ல சொன்னா பாதியிலயே வச்சிருவ, அதான் எழுதி, லீவு முடிஞ்சு அங்க திரும்புற காஜா நவாஸ் கையில குடுத்து விடுறேன், முழுசும் படி.

உன் மகன் பிறந்ததும் அழல. கொடி கழுத்தைச் சுத்தி மூச்சு முட்டி, மூளைக்கு ஆக்ஸிஜன் பத்தாம கையும் காலும் இழுத்துச்சு. ராமநாதபுரத்துக்குத் தூக்கிட்டு ஓடினோம், உன் பொஞ்சாதி ஜஸீலா தையல் போட்ட உடம்போட கூடவே வந்தா. டாக்டரம்மா இழுப்புக்கு ஊசி போட்டாச்சு, மூளை மேற்கொண்டு கெடாம இருக்க மக்னீசியம் ஏத்திப் பாக்கலாமான்னு உன்ட்டயும் போன்ல கேட்டாங்க. நீ எவனோ அனுப்புன வீடியோவைப் பாத்துட்டு, என் பிள்ளைய வச்சு சோதனை பண்றீங்களா, அது பாதுகாப்பான்னு கத்திட்டு, அவங்க வாயைத் திறக்குமுன்ன போனை வச்சுட்ட. கேட்டது தப்பில்ல. பதிலைக் கேக்காம போனியே, அதான் வயிறு எரியுது. அது பத்தாதுன்னு ஜஸீலாவைக் கூப்பிட்டு, சம்மதிச்சா என் மூஞ்சில முழிக்காதன்னுருக்க.

அந்தப் பதிலை நான் எழுதுறேன். இதுவரை குடுத்த பிள்ளைகளுக்குப் பெருசா கெடுதல் தெரியல, ஆனா பிரஷர் இறங்கலாம், மூச்சு மந்தமாகலாம், குணமாகும்னு உறுதி சொல்ல முடியாதுன்னாங்க. உங்க பிள்ளைன்னா குடுப்பீங்களான்னு ஜஸீலா கேட்டா. குடுப்பேன், பக்கத்துலயே இருந்து பாத்துக்குவேன்னாங்க. அவ சரின்னுட்டா. சொன்ன மாதிரியே ஒருதடவை பிரஷர் இறங்குச்சு, உடனே மருந்தை நிறுத்தி பிரஷரை ஏத்தி விட்டாங்க. அந்நேரம் அவ ஒத்தையில நின்னா, உன் போன் ஆஃப்ல இருந்துச்சு. இப்ப இழுப்பு இல்ல, பால் சப்புறான். மருந்தாலயா தானாவான்னு டாக்டருக்கே தெரியல, வளர வளரத்தான் தெரியுமாம்.

பயத்துல பேசிட்டான்னு உன் வாப்பா பரிஞ்சு பேசுறாக. பயம் எங்களுக்குந்தான் இருந்துச்சு, நாங்க யாரையும் ஏசல. ஜஸீலா உன் போனை எடுக்க மாட்டேங்கிறா, எடுன்னு நான் சொல்லவும் மாட்டேன். லீவு கேட்டு வந்து மொதல்ல அவட்ட மன்னிப்புக் கேளு.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாத. அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும். பிள்ளைக்குப் பேரு வச்சாச்சு. அதை நான் எழுத மாட்டேன், ஜஸீலாட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க.

கோவம் ஆறாத உம்மா,
நூர் நிஷா