மழை பெய்யாத நாளில் மூடிய வண்டி

1817, மே 8, வியாழன். லண்டன்.

பேத்தி செலினாவுக்கு வாங்கிய புதுத் தொப்பி இன்று வெளியே போயிற்று. இளநீலப் பட்டு, வெள்ளை இறகு மூன்று. சர் ஜார்விஸ் வால்ட்ரன் தன் திறந்த வண்டியைக் கொண்டுவந்து, ஹைட் பார்க்கில் ஒரு சுற்று அழைத்துப் போகலாமா என்று கேட்டார். மெழுகுவத்தி வியாபாரியின் விதவையான என் வாசலில் அவ்வளவு பெரிய இடத்து வண்டி! எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று மெதுவாகவே வழியனுப்பினேன்.

வானம் கொஞ்சம் மங்கல். "மழை வந்தா மூடியைப் போட்டுக்கலாமா அம்மணி?" என்றார், அடுத்த வீட்டுச் சீமாட்டி ஹென்ஷா காதில் விழும்படி.

"தாராளமா. இறகு நனைஞ்சா என்கிட்ட பேச்சு வாங்குவீங்க" என்றேன். சிரித்தார்.

ஐந்து மணிக்குத் திரும்பினாள். இறகில் ஒரு சொட்டு இல்லை. இங்கேயும் பெய்யவில்லை. சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டாள். வண்டி ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

மே 10, சனி.

சனிக்கிழமைத் தேநீருக்கு எட்டுப் பேராவது வருவார்கள். இன்று ஒருவரும் வரவில்லை. கேக்கை வேலைக்காரிக்குக் கொடுத்தேன்.

மே 12, திங்கள்.

ஹென்ஷா தெருவில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். விடுவேனா? வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"ஏம்மா டார்க்கஸ், கல்யாணம் ஆகாத பொண்ணு திறந்த வண்டியில ஒருத்தனோட போகலாம். மூடின வண்டியில? மூணு சுத்து! பின்னாடி நிக்கிற சேவகனையும் பார்க் கேட்லயே இறக்கி விட்டுட்டானாம். எங்க வீடுகள்ல இதெல்லாம் பேசப் பழகறப்பவே சொல்லிக் குடுத்துடுவாங்க. நீ என்னடான்னா வாசல்ல நின்னு அனுமதி குடுக்கறே."

"மழைக்குப் போட்டது."

"எந்த மழை?"

செலினாவைக் கேட்டேன். "மழை இல்ல பாட்டி. மூடியை எடுங்கன்னு எத்தனை தடவ சொன்னேன் தெரியுமா? உங்க பாட்டி உத்தரவுன்னு சிரிச்சார்."

"மழை பெஞ்சுதுன்னு சொல்லு. யார் கேட்டாலும் மழை பெஞ்சுது" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 15, வியாழன்.

கடற்படை லெப்டினன்ட் ஆம்ப்ரோஸ் பிகட் வந்தான். இரண்டு வருஷமாகச் செலினாவின் மனசில் இருப்பவன். எனக்குத் தெரியும் – தெரியாத மாதிரி இருந்தேன். சண்டை முடிந்து, கப்பலில் வேலை இல்லாமல் அரைச் சம்பளத்தில் கிடக்கிறான்.

"ஊர் பேசிட்டுப் போகட்டும் அம்மணி. அவ சொல்றதை நான் நம்பறேன். நாளைக்கே கட்டிக்கிறேன்."

நல்ல பிள்ளைதான். ஆனால் கெட்டுப்போனவளைக் கிழவி கப்பல்காரன் தலையில் கட்டினாள் என்று பேச மாட்டார்களா? வால்ட்ரனுக்கே கொடுத்துவிட்டால் பேச என்ன இருக்கிறது? நிச்சயமான ஜோடி வண்டியில் போனது, அவ்வளவுதானே!

அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். படி இறங்கும்போது மாடி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

மே 16, வெள்ளி.

வால்ட்ரன் பெண் கேட்டு வந்தார். நான் சொல்லி அனுப்பவே இல்லை. ஒரு வாரம் பொறுத்து, யாருமே எட்டிப் பார்க்காத வீட்டுக்குச் சரியாக எப்படி வந்தார்? சந்தேகப்பட இது நேரமில்லை. சரி என்றேன்.

"உங்க பேர் நிக்கணும், அதானே பாட்டி?" என்றாள் செலினா. அழவில்லை. அழுதிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

ஜூன் 12, வியாழன்.

கல்யாணம். ஹென்ஷா முதல் வரிசையில். "ஜெயிச்சுட்டே டார்க்கஸ்" என்று என் கையை அழுத்தினாள். எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை! செலினாவின் கை மட்டும் ஜில்லென்று இருந்தது.

ஜூலை 21, திங்கள்.

செலினாவிடமிருந்து முதல் கடிதம். சௌக்கியமாம். நான் அதிகம் படிக்காதவள்தான். ஆனாலும் அவள் எழுத்து எனக்குத் தெரியாதா? இது வால்ட்ரனின் கையெழுத்து.

செப்டம்பர் 3, புதன்.

வந்தார்கள். பத்தே நிமிஷம். அவளைக் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அதே நீலத் தொப்பி. இறகு இரண்டுதான் இருந்தது.

கிளம்பும்போது நல்ல வெயில். அவர் வண்டிமூடியைப் போடப் போனார். "மழை எங்கே?" – வாய் தவறி வந்துவிட்டது எனக்கு.

இதற்கு மட்டும் செலினாவே பதில் சொன்னாள்.

"யார் கேட்டாலும் மழை பெஞ்சுதுன்னு சொல்லணும் பாட்டி."

சொல்லிவிட்டு மூடியை அவளே இழுத்துவிட்டாள்.

வண்டி மெதுவாகவே போயிற்று. எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் பார்த்தன.