ஏக்பெர்ட்டின் ஆள் வருவதற்கு முன்

அன்பு மகள் ஓடாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி தீமோவும் இன்றுவரை சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தப் போலந்துக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, கோயில் குருவிடம் சொல்லி எழுதவைத்தால் மறுநாளே ஏக்பெர்ட் காதுக்குப் போய்விடுகிறது, அதனால் நானே எழுதுகிறேன். தம்பிக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, நீ அனுப்பின நரித்தோல் குல்லாவைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டேன் என்கிறான்.

கோடையில் ஹெர்மான் காய்ச்சலில் கண்ணை மூடினதை எழுதியிருந்தேன். உன் அப்பாவுக்குப் பிறகு எனக்கு வாய்த்த அந்த மனிதரும் போனபின், அவர் மகன் தீமோ பெரியவனாகும்வரை ஆட்சி முத்திரை என் கையில் இருக்கட்டும் என்று வீரர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஹெர்மானின் தம்பி ஏக்பெர்ட்டுக்குத்தான் பொறுக்கவில்லை. குளிர் தொடங்கும் மார்ட்டின் திருநாளன்று எண்பது குதிரைக்காரர்களோடு வந்து, அண்ணன் நாற்காலியிலேயே உட்கார்ந்து வாத்துக் கறி தின்றுகொண்டே, அண்ணி, ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்க, உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி, மடத்துல போய் நிம்மதியா ஜெபம் பண்ணுங்க, வாள் பிடிக்க ஆம்பளை இல்லாத வீட்டுல கோமகன் வளரக் கூடாது, பையனை நான் பாத்துக்கறேன் என்றார். சொல்லிக்கொண்டே தீமோவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்குள் முடிவு சொல்லுங்க, இல்லேன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன் என்று சிரித்தார். இதே மாதிரி வளர்க்கிறேன் என்று அவர் கூட்டிப்போன மனைவி வீட்டுப் பிள்ளை, ஒரு வருஷம் ஆகும்முன் கிணற்றில் விழுந்து செத்தது உனக்கு நினைவிருக்கும்.

ஓடா, இனி வருவதை உட்கார்ந்து படி. நான் வோல்ராடைக் கல்யாணம் செய்துகொண்டேன். அதே வோல்ராட்தான், ஆற்றுத் துறையில் உன் அப்பாவை ஈட்டியால் குத்தினவர். ஏக்பெர்ட்டின் படை வரவேண்டுமானால் ஒரே பாலம், அது வோல்ராடிடம் இருக்கிறது, ஏக்பெர்ட் பயப்படுகிற ஆளும் அவர் ஒருவர்தான். நானே பாலத்துக்குப் போய் நேருக்கு நேர் கேட்டேன். அவர், என் முகத்தைத் தினம் பாத்துக்கிட்டு உங்களால சாப்பிட முடியுமா என்றார். முடியாது, ஆனா என் பிள்ளை உயிரோட இருப்பான் என்றேன். முத்திரை என்னிடமே இருக்கும், தீமோ என்னைவிட்டு எங்கும் போகமாட்டான் என்று திருச்சபை ஆயர் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மோதிரம் மாட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் ஏக்பெர்ட் வந்தார். பாலம் அடைத்திருந்தது. பனியில் நின்றுகொண்டு, ஏன் அண்ணி, முதல் புருஷனைக் கொன்னவனையே மூணாவதா கட்டிக்கிட்டீங்களா, வெக்கமா இல்லையா என்று ஊர் கேட்கக் கத்தினார். வோல்ராட் உட்பட எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டார்கள். ஆமா, கட்டிக்கிட்டேன், அவரைத் தாண்டி வாங்க பாக்கலாம் என்று நானும் கத்தினேன். சாயங்காலம்வரை நின்றுபார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆனால் அவர் விடவில்லை. ஈஸ்டருக்கு அரசர் சபை கூடுகிறது. செத்தவரின் வாரிசு கொன்றவர்மேல் அங்கே ரத்தப் பழி கேட்டால் இந்தக் கல்யாணம் செல்லாது, தீமோ ஏக்பெர்ட் கைக்குப் போவான். உன் அப்பாவுக்கு நீ ஒருத்திதான் வாரிசு. உன்னிடம் ஒரு வரி எழுதி வாங்க ஏக்பெர்ட்டின் ஆள் கிளம்பிவிட்டான், பரிசுகளோடு வருவான், உன் அப்பாவைப் பற்றி நல்லதாகவே பேசுவான், அவன் சொல்வதில் பொய்யும் இருக்காது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வோல்ராடை மன்னிக்கவும் சொல்லமாட்டேன், நானே மன்னிக்கவில்லை. அந்த ஆள் நீட்டும் எழுத்துத் தோலில் மட்டும் எதுவும் எழுதாதே.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. குழந்தையின் நெஞ்சுக்குத் தேன்மெழுகு சூடாக்கித் தடவு, ஈரத் துணியில் படுக்கவைக்காதே. நீங்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும். இந்தக் கடிதம் கொண்டுவரும் கிழவர் புனோவுக்குச் சூடாக ஏதாவது கொடு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது, மறக்காமல் அதை அவர் கையில் மட்டும் கொடுத்தனுப்பு.

உன் அம்மா,
கெர்பெர்கா