என் கார்க் கண்ணாடியை உடைத்தவரின் தள்ளுவண்டியைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
க. கனிமொழி (வயது 33),
க/பெ நிர்மல்,
மனை எண் 14, இரண்டாவது குறுக்குத் தெரு,
சோலையம்மன் நகர், வேலப்பன்சாவடி,
சென்னை – 600 077.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள்,
சோலையம்மன் நகர் காவல் நிலையம்,
வேலப்பன்சாவடி.

பொருள்: என் காரின் வலப்பக்கப் பின்கதவுக் கண்ணாடி உடைந்தது குறித்து நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல் – திருமதி ஜெகதாம்பாள் அவர்களின் தள்ளுவண்டி, தராசு, எடைக்கற்களை விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 15.05.2025 அன்று நான் தங்கள் நிலையத்தில் கொடுத்த புகார் மனு. (அதில் ஒரு வரி உண்மை இல்லை. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டது நான்தான்.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். சொந்த ஊர் கரூர். பத்து மாதங்களாக மேற்கண்ட முகவரியில் கணவருடனும் ஒன்றரை வயது மகன் ஜீவாவுடனும் வசித்து வருகிறேன். சென்ற வாரம் நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே கீழே எழுதியுள்ளேன். சில இடங்களில் மனுவுக்கு வேண்டாத விஷயமும் வந்திருக்கலாம். சென்ற முறை ஐந்தே வரியில் எழுதியதால் வந்த வினையைப் பார்த்த பிறகு, இம்முறை எதையும் விடுவதற்குப் பயமாக இருக்கிறது.

1. 14.05.2025 புதன்கிழமை காலை ஜீவாவுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பின் இருக்கையில், இடப்பக்கம், குழந்தைகளுக்கான இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தான். ஊசி போட்ட காலைப் பார்த்துப் பார்த்து அழுதான். எங்கள் நகரின் நுழைவாயிலில், மருந்துக்கடைக்கு எதிரே, நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் தள்ளுவண்டி நின்றது. தக்காளி மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று அதன் அருகிலேயே காரை நிறுத்தினேன்.

2. அழுகையை நிறுத்துவதற்காகக் கார்ச் சாவியை அவன் கையில் கொடுத்தேன். அதில் உள்ள பொத்தானை அழுத்தினால் கார் 'க்வீக்' என்று கத்தும். அவனுக்கு உலகத்திலேயே பிடித்த சத்தம் அது. நான் இறங்கிக் கதவைச் சாத்திய அடுத்த நொடி கார் 'க்வீக்' என்றது. நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

3. ஏசி போட்டு வந்ததால் கண்ணாடிகள் எல்லாம் முழுக்க ஏறியிருந்தன. எஞ்சின் அணைந்திருந்தது. என் கைபேசி கைப்பையில், கைப்பை காரில். மாற்றுச் சாவி வீட்டு அலமாரியில்; வீட்டுச் சாவியோ அதே கைப்பையில். என் கணவர் அம்பத்தூரில் அலுவலகத்தில் இருந்தார். நேரம் பதினொன்றே முக்கால். கத்திரி வெயில்.

4. முதலில் ஜீவா சிரித்தான். நான் இடப்பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "இன்னொரு பட்டன்டா தங்கம், அந்த இன்னொரு பட்டன்" என்று கெஞ்சினேன். அவன் சாவியை வாயில் வைத்துக்கொண்டான். கூட்டம் கூடியது. ஒருவர் இரும்பு ஸ்கேலைக் கண்ணாடி ரப்பருக்குள் விட்டுப் பார்த்தார். பக்கத்தில் இளநீர் விற்கும் திரு. திருவேங்கடம் தன் கைபேசியைக் கொடுத்தார். என் கணவரின் எண் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். இன்னொருவர் வீடியோ எடுத்தார். ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். அழத் தொடங்கியவன், முகமெல்லாம் சிவந்து, சட்டை நனைந்து, பிறகு அழுவதை நிறுத்தினான். நிறுத்தியதும் நான் நிம்மதியடைந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அடுத்த நிமிடம்தான் புரிந்தது.

5. புரியவைத்தவர் தள்ளுவண்டிக்காரர் திருமதி ஜெகதாம்பாள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்: "இன்னாம்மா, பாத்துகினே கீற? கொயந்த அழுவறத நிறுத்திட்டான் பாரு. அது நல்லதுக்கில்ல." பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தராசுத் தட்டிலிருந்து இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்தார். ஜீவா இடப்பக்கம் இருந்ததால் காரைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனார். கண்ணாடியின் கீழ் மூலையைப் பார்த்து அடித்தார். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடிக்கு வெள்ளையாகப் பூத்தது. மூன்றாவது அடியில் கண்ணாடி முழுவதும் கற்கண்டாக உதிர்ந்து இருக்கையில் கொட்டியது. உருளைக்கிழங்கு மூட்டையின் கோணியை ஜன்னல் விளிம்பில் போட்டு, கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தார். முழங்கைக்குக் கீழே நீளமாகக் கீறி ரத்தம் வந்தது.

6. அவர் கதவைத் திறந்த அதே நேரத்தில் ஜீவா சரியான பொத்தானை அழுத்தினான். கார் 'க்வீக்' என்று எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டது. கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன். ஜெகதாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, பெல்ட்டைக் கழற்றிக் குழந்தையைத் தூக்கி, தக்காளியின் மேல் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை அவன் தலையில் ஊற்றி, என் கையில் கொடுத்துவிட்டு, "நெழல்ல நில்லு" என்றார். மாலை குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். நலமாக இருக்கிறான்.

7. இனி என் தவறு. கார்க் கண்ணாடிக்குக் காப்பீடு கிடைக்குமா என்று முகவரிடம் தொலைபேசியில் கேட்டேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்த ரசீது இருந்தால் வேலை சுலபம் என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு மாதிரி மனுவும் அனுப்பினார். வண்டி எண், தேதி, இடம் நிரப்பும்படி புள்ளிக்கோடு இருந்தது. நிரப்பினேன். "அடையாளம் தெரியாத நபர் ஒருவர் கல்லால் தாக்கி என் வாகனத்தைச் சேதப்படுத்திவிட்டார்" என்ற வரி அதில் ஏற்கெனவே அச்சாகி இருந்தது. படித்தேன். படிக்கவில்லை என்று சொன்னால் இது இரண்டாவது பொய்யாகிவிடும். இதையெல்லாம் யார் விசாரிக்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் கையெழுத்திட்டேன்.

8. தங்கள் நிலையத்தார் விசாரித்தார்கள். இதில் அவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. மருந்துக்கடையின் கேமராப் பதிவைப் பார்த்திருக்கிறார்கள். அது காரின் வலப்பக்கத்தை மட்டும் காட்டுகிறது. ஒரு பெண்மணி எடைக்கல்லுடன் வருவதும், மூன்று முறை அடிப்பதும், உள்ளே கைவிடுவதும் தெளிவாகத் தெரிகின்றன. மறுபக்கம் குனிந்து கண்ணாடியோடு பேசிக்கொண்டிருந்த நான் அதில் இல்லை. கூட்டமும் என் பக்கமே நின்றதால் படத்தில் நாலைந்து தலைகள்தாம் தெரிகின்றன. ஆகவே 17.05.2025 சனிக்கிழமை ஜெகதாம்பாளை விசாரணைக்கு அழைத்து, அவருடைய வண்டி, தராசு, எடைக்கற்களைத் தங்கள் நிலையத்தில் வைத்துக்கொண்டார்கள். அவர் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். ஆனால் கார்க்காரப் பெண்மணி எழுதிக் கொடுத்ததில் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதால் அது எடுபடவில்லை.

9. இவை எதுவும் தெரியாமல், 19.05.2025 திங்கட்கிழமை பூந்தமல்லியில் திரு. பாபு என்பவரின் பட்டறையில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை ஜன்னலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஓட்டினேன். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் போனால் வண்டிக்குள் பட்டம் விடுவதுபோல் சத்தம் கேட்கும். பாபு கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, கதவின் வயிற்றுக்குள் விழுந்திருந்த துண்டுகளை இரண்டு கை நிறைய அள்ளி எடுத்தார். அள்ளாமல் விட்டால் கண்ணாடி ஏறி இறங்கும்போதெல்லாம் கீறும் என்றார். ரப்பரை மாற்றி, புதுக் கண்ணாடியை இறக்கி, பத்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு, "யாரு மேடம் ஒடச்சது? நடுவுல அடிச்சா கல்லு எகிறிகினு வரும். மூலையில அடிச்சாதான் ஒடையும். தெரிஞ்சவங்கதான் அடிச்சுகீறாங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜெகதாம்பாளுக்கு நான் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நேராக அவர் இடத்துக்குப் போனேன்.

10. வண்டி நிற்கும் இடம் காலியாக இருந்தது. திருவேங்கடத்திடம் கேட்டேன். புதுக் கண்ணாடி போட்ட காரை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை போலும். "அந்தம்மாவ ஸ்டேஷனுக்கு இட்டுகினு போய்ட்டாங்க. எவளோ ஒரு கார்காரம்மா கம்ப்ளைண்ட் குடுத்துகீது. புள்ளய காப்பாத்துனதுக்கு நல்லா செஞ்சா" என்றார். இளநீரைச் சீவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தவர், என் முகத்தைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு இளநீர் கொடுக்கவில்லை.

11. அன்று மாலையே ஜெகதாம்பாளின் வீட்டைத் தேடிப் போனேன். கையில் கட்டுடன் வாசலுக்கு வந்தார். முதலில், "கொயந்த எப்டி கீது?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்று சொன்ன பிறகுதான் கோபப்பட்டார். அந்தக் கோபத்தையும் மனுவில் சேர்ப்பது என் கடமை. "நீ எழுதுனத ஸ்டேஷன்ல எனக்குப் படிச்சுக் காட்னாங்க. அடையாளம் தெரியாத நபராம். பத்து மாசமா என்னாண்ட தக்காளி வாங்கற. ஒனக்கு நான் அடையாளம் தெரியாதா?" என்றார். நான் மைசூர்பாகை நீட்டியபடியே நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு அசட்டுத்தனமாக எங்கும் நின்றதில்லை. பணம் தருகிறேன் என்று தொடங்கினேன். "துட்டு நான் கேட்டேனா? நீ எழுதுன. நீயே போய் மாத்தி எழுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெட்டியையும் வாங்கவில்லை.

12. ஐயா, அவர் சொன்னதுதான் சரி என்பதால் இம்மனு. போலீசுக்குப் பொய் எழுதினேன் என்று நீயே எழுதிக் கொடுக்கப் போகிறாயா, ஒரு வக்கீலையாவது கேள் என்றார் என் கணவர். பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்தார். காப்பீட்டுக் கோரிக்கையை நேற்றே ரத்து செய்துவிட்டேன். அதன் நகல், அன்றைய தடுப்பூசி அட்டையின் நகல், திரு. திருவேங்கடம் கையெழுத்திட்ட சாட்சிக் கடிதம் ஆகியவை இத்துடன் உள்ளன. அவரிடம் கையெழுத்து வாங்கியது எளிதாக இல்லை. வீடியோ எடுத்தவரையும் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டாவது தெருவில் இருக்கிறார். முப்பத்தெட்டு வினாடிப் பதிவில் குழந்தை, நான், அடி, கதவு எல்லாம் தெரிகின்றன. தங்கள் நிலைய எண்ணுக்கு அனுப்பியுள்ளேன். அதில் நான் கத்தும் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

13. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ) 15.05.2025 அன்று நான் கொடுத்த புகாரை ரத்து செய்து, கோப்பில் இந்த மனுவை வைக்க வேண்டும். ஜெகதாம்பாள் மீது எந்தக் குற்றப் பதிவும் இருக்கக் கூடாது. கண்ணாடியை உடைத்தது குற்றமென்றால், அதை உடைக்காமல் எட்டு நிமிடம் நின்றது நான்.

ஆ) அவருடைய வண்டி, தராசு, எடைக்கற்களை உடனே விடுவிக்க வேண்டும். ஐந்து நாட்களாக அவருக்கு வியாபாரம் இல்லை. சனிக்கிழமை வாங்கிய தக்காளி விசாரணை முடியும்வரை காத்திருக்கவில்லை. இன்னும் நாலு நாள் போனால் அந்த இடத்தில் வேறு வண்டி வந்து நின்றுவிடும் என்கிறார் திருவேங்கடம்.

இ) தவறான தகவல் தந்ததற்காக என் மீது நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கலாம். எப்போது அழைத்தாலும் வருகிறேன். ஆனால் அதற்காக வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம். முதலில் வண்டி, பிறகு நான்.

14. நேற்று தங்கள் நிலைய வாசலில் அந்த வண்டியைப் பார்த்தேன். இடப்பக்க முன்சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கிறது. நாளை மதியம் வரை விடுப்பு எடுத்திருக்கிறேன்; கணவரும் எடுத்திருக்கிறார். காற்றடிக்கும் பம்பை இப்போதே கையோடு கொண்டுவந்து தலைமைக் காவலரிடம் ஒப்படைத்திருக்கிறேன். விடுவிக்கும் நேரத்தை மட்டும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாங்கள் இருவரும் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் நிறுத்துகிறோம். அவர் எங்களோடு பேசுவாரா என்பது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது இல்லை என்பதை அறிவேன்; அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தாங்கள் விரைந்து ஆணையிடுவீர்கள் என்ற நம்பிக்கையுடன்,

இப்படிக்கு,
க. கனிமொழி
(கையொப்பம்)

இடம்: வேலப்பன்சாவடி
நாள்: 21.05.2025