வரிசையில் நின்ற அம்மாஜி

தம்பி இஃப்திகாருக்கு ஸலாம்.

நேற்று முல்தானில், மருந்துக்கடை வரிசையில் உனக்குப் பின்னால் நின்ற கிழவி நான்தான். நீ திரும்பிப் பார்த்தாய். முகத்தை மறைத்துப் போர்த்திய சாதரும் கைத்தடியும் மட்டும்தான் உன் கண்ணில் பட்டிருக்கும்.

"அம்மாஜி, நீங்க முன்னாடி வாங்க. வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க?" என்று விலகினாய். "இவங்களுக்கு முதல்ல குடுப்பா" என்று கடைக்காரரிடமும் சொன்னாய்.

குரலை வைத்தே தெரிந்துவிட்டது. அப்பாவின் வீட்டை விற்ற நாளிலிருந்து பத்தொன்பது வருடமாக நான் கேட்காத குரல். ஆனாலும், "நல்லா இரு மகனே" என்றுதான் என் வாயில் வந்தது. அம்மாஜி என்று கூப்பிடுகிறவனுக்கு வேறு என்ன பதில் சொல்வது?

கடைக்காரர் பெயர் கேட்டார். அப்பாவின் பெயரையும் சேர்த்து, வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். திரும்பினால் நீ இல்லை. உன் மருந்துச் சீட்டு மட்டும் மேசையில் கிடந்தது.

இதயத்துக்கான மாத்திரையாமே. எப்போதிலிருந்து? எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்திருக்கிறேன். நீ இதற்குள் வேறு கடையில் வாங்கியிருப்பாய், பரவாயில்லை. உன் முகவரியும் அந்தச் சீட்டில் இருந்ததுதான். உன் மகனை அனுப்பாதே, அவனிடம் கொடுக்க மாட்டேன். நீயே வா. கதவைத் தட்டி, சின்ன வயதில் இந்த அக்காவைக் கூப்பிட்ட மாதிரி "ஆபா" என்று கூப்பிடு. அம்மாஜி என்று கூப்பிட்டால் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைவிட நாலே வயது மூத்தவள்