மாதந்தோறும் ஆறாம் தேதி எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பணம்

அனுப்புநர்
கோ. சுரேகா,
மேனாம்பேடு, அம்பத்தூர்,
சென்னை.

பெறுநர்
மண்டல மேலாளர் அவர்கள்,
கொற்றலை வணிக வங்கி,
மண்டல அலுவலகம், சென்னை.

பொருள்: மறைந்த என் தந்தையின் சேமிப்புக் கணக்கு – கணக்கு மென்பொருளில் ஏற்றுவதற்காக அம்பத்தூர் கிளை அளித்த கோப்பில் தேதிகள் மாறியிருத்தல் – அந்தக் கோப்பை வைத்தே என்மீது குற்றம் சாட்டும் அறிவிப்பைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கிளை மேலாளரின் அறிவிப்பு, நாள் 19.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை திரு. கோதண்டம் கடந்த ஜூன் 14 அன்று காலமானார். அவருடைய ஓய்வூதியம், மருந்துச் செலவு, மின்கட்டணம் அனைத்தையும் பல ஆண்டுகளாக நானே கணினியில், ஒரு கணக்கு மென்பொருளில் வைத்துவந்தேன். மாதம் ஒருமுறை வங்கியின் இணையதளத்திலிருந்து வரவுசெலவுக் கோப்பைப் பதிவிறக்கி அதில் ஏற்றிவிடுவேன். மே மாதம் வரை ஒரு குறையும் இல்லை. ஜூனில் தந்தை மருத்துவமனையில் இருந்தார். கணக்கைத் திறந்து பார்க்கும் நிலையில் நான் இல்லை.

2. ஜூன் 30 அன்று இறப்புச் சான்றிதழையும் அவருடைய ஏடிஎம் கார்டையும் கிளையில் ஒப்படைத்தேன். மேலாளர் அந்தக் கார்டை என் கண்ணெதிரே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினார். ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். கணக்கின் இணைய வசதியும் அன்றே நிறுத்தப்பட்டது.

3. இம்மாதம் வீட்டுப் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தபோது, பாரிவாக்கத்தில் வசிக்கும் என் தம்பி ஹேமநாதன் அப்பாவின் கணக்கைக் கேட்டார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. நான் கிளைக்கு எழுதி, மென்பொருள் படிக்கும் வடிவில் கோப்பு பெற்றேன். கை வைத்தேன் என்று நாளை யாரும் சொல்லக்கூடாது என்பதால், வந்த கோப்பை வந்தபடியே அவருக்கு அனுப்பினேன்.

4. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் எங்கள் வீட்டில் கூடினர். அந்தக் கோப்பில் ஜூலை 6, ஆகஸ்ட் 6, செப்டம்பர் 6 என வரிசையாக ஏடிஎம்மில் பணம் எடுத்ததாக இருந்தது. தம்பி மனைவி தேவிப்பிரியா எல்லோர் முன்னிலையிலும் சொன்னது: "மாமா பூட்டாரு. ஆனா அண்ணிக்கு மட்டும் மாசாமாசம் ஆறாந்தேதி சம்பளம் கரெக்டா வந்துகினு கீது." சிலர் சிரித்தனர். நான் தம்பியைப் பார்த்தேன். அவர் சொன்னது: "நான் சொல்லலக்கா. ஃபைல் சொல்லுது."

அந்தக் கோப்பு தங்கள் வங்கியுடையது என்பதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளவும்.

5. நான் தனியார் நிறுவனம் ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் பணிபுரிகிறேன். எதையும் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. திருடுபவர் மாதந்தோறும் ஆறாம் தேதிக்காகக் காத்திருப்பார் என்பதையும் நம்பவில்லை. கோப்பைப் பார்த்ததும் விளங்கியது. தேதிப் பத்தியின் தலைப்பு "நாள்/மாதம்/ஆண்டு" என்கிறது. ஆனால் பன்னிரண்டாம் தேதி வரையுள்ள எல்லா வரிகளிலும் நாளும் மாதமும் இடம் மாறியுள்ளன. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், 13ஆம் தேதி முதல் உள்ளவை மட்டும் தப்பிவிட்டன. ஆகவே ஜூன் 7 என்பது ஜூலை 6 ஆயிற்று. ஜூன் 8 ஆகஸ்ட் 6 ஆயிற்று.

6. உண்மையில் அந்தப் பணம் ஜூன் 7 முதல் 12 வரை நாளுக்கு ஒருமுறையாக எடுக்கப்பட்டது. மருத்துவமனை முன்பணம் கேட்டது. ஒரே நாளில் எடுக்கக் கார்டின் வரம்பு இடம் தரவில்லை. எடுத்தது நான், கொடுத்தனுப்பியது தந்தை. கார்டைப் பிறர் பயன்படுத்தக்கூடாது என்ற விதியை அறிவேன். மூக்கில் குழாயுடன் இருந்தவரை ஏடிஎம் வரை தூக்கிச் செல்ல இயலவில்லை. அதற்கு விளக்கம் கேட்டிருந்தால் தந்திருப்பேன். தாங்கள் கேட்பது அதுவல்ல.

7. மருத்துவமனை ரசீதுகளுடனும், தந்தையின் கைபேசிக்குத் தங்கள் வங்கியே அனுப்பிய குறுஞ்செய்திகளுடனும் கிளைக்குச் சென்றேன். அங்கிருந்த அலுவலர் திரும்பிப் பார்க்காமலே, "மேடம், ஃபைலு கரெக்டாத்தான் கீது. உங்க சாஃப்ட்வேர்ல இன்னா ப்ராப்ளமோ, அவங்களையே கேளுங்க" என்றார். முத்திரையிட்ட அச்சுப் பிரதி கேட்டேன். இறந்தவர் கணக்குக்குத் தர இயலாது என்றார். இறந்தவர் கணக்கை வைத்து எனக்கு அறிவிப்பு அனுப்ப மட்டும் இயன்றிருக்கிறது.

8. என் தம்பி அளித்த புகாரின்பேரில் மேலாளர் 19ஆம் தேதி அனுப்பிய அந்த அறிவிப்பு, மறைவுக்குப் பின் ஆறு முறை பணம் எடுத்ததற்கு டிசம்பர் 4க்குள் விளக்கம் தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் அளிக்கப்படும் என்கிறது. அவர் தம் கையால் வெட்டிய கார்டில் எப்படி எடுக்க முடியும் என்று அவர் யோசிக்கவில்லை. கோப்பின் மீதித்தொகைப் பத்தியில், ஜூன் 13 அன்று மருத்துவமனைக்குச் செலுத்திய தொகைக்கு முன்பாகவே அந்த ஆறு தொகைகளும் கழிந்திருக்கின்றன. அதையும் பார்க்கவில்லை. அறிவிப்பில் அவரே வரிசைப்படுத்தியுள்ள ஆறாவது தேதி 6.12.2025. அந்த நாள் இன்னும் வரவில்லை. தாங்கள் என்மீது காவல் துறைக்குப் போகும் நாளிலும் என் கடைசிக் குற்றம் நடந்திருக்காது.

தம்பியின் கண் முதல் சில வரிகளிலேயே நின்றுவிட்டது. அப்பாவை இழந்து கோபத்தில் இருப்பவருக்கு அது நேரும். கையொப்பமும் முத்திரையும் இட்டு அனுப்பும் வங்கிக்கு அந்தச் சலுகை இல்லை.

9. ஆகவே, அறிவிப்பை எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும். சரியான தேதிகளுடன் சான்றளிக்கப்பட்ட அறிக்கை எனக்கும், அதன் பிரதி தபாலில் என் தம்பிக்கும் அனுப்பப்பட வேண்டும். கோப்புதான் தவறு என்ற ஒரு வரி அதில் இருக்க வேண்டும். என் சொல்லை அவர் இனி ஏற்க மாட்டார், தங்கள் முத்திரையை ஏற்பார். கோப்பையும் திருத்துங்கள். கணக்கைக் கணினியில் வைப்பவர் இவ்வூரில் நான் ஒருத்தி மட்டுமல்ல.

10. இவை டிசம்பர் 4க்குள் நடக்காவிட்டால், 6ஆம் தேதி சனிக்கிழமை கிளை திறக்கும்போதே வந்து, மூடும்வரை மேலாளரின் மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பேன். என் தம்பிக்கும் வரச் சொல்லி எழுதியிருக்கிறேன். இறந்த எங்கள் தந்தையின் கணக்கிலிருந்து அன்று நான் பணம் எடுப்பதை இருவரும் நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் வங்கியின் நெடுநாள் வாடிக்கையாளர்,
(ஒப்பம்) கோ. சுரேகா

இடம்: அம்பத்தூர்
நாள்: 24.11.2025 (நவம்பர் இருபத்து நான்கு)