ஒரே பிளேட்டில் விழுந்த இரண்டு முகங்கள்

என் அறைக்குக் கீழே போன வாரம் ஒரு போட்டோ ஸ்டூடியோ திறந்திருக்கிறார்கள். இன்று காலை அந்தக் கடைக்காரர் படம் கழுவிய தண்ணீரை வாளியோடு கொண்டு வந்து சாக்கடையில் கொட்டினார். நான் ஜன்னலருகே உட்கார்ந்து கோர்ட்டு நகல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். காடியும் தீக்குச்சி மருந்தும் கலந்தது போன்ற அந்த வாசனை மேலே ஏறி வந்தது. பேனாவை வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு வரிகூட ஓடவில்லை.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அது எனக்குத் தெரிய வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நம் சிநேகிதம் கடைசியில் எப்படி ஆகிப்போனது என்பதற்கு அந்த இரண்டு மாத இடைவெளியே போதும்.

மாற்றலாகிச் சீமைக்குப் போன ஒரு துரை வீட்டுச் சாமான்களை விற்றபோது அந்தக் கேமராவை வாங்கினேன். மூடினால் ஒரு தடித்த புத்தகம். திறந்தால் துருத்தி மாதிரி நீளும். கூடவே ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. அதில் சொன்னபடி ஒன்றுவிடாமல் செய்தேன். ஆனால் அதை எழுதியவர் மதுரைச் சித்திரை வெயிலைக் கண்டதில்லை. படம் பதியும் கண்ணாடி பிளேட்டை மருந்தில் போட்டு ஆட்டினால், மேலே பூசியிருந்த பசை இளகி, பாலாடை மாதிரி சுருங்கி, படத்தோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆறு பிளேட் அப்படிப் போயின. வெப்ப நாடுகளில் படிகாரம் சேர்த்தால் பசை இறுகும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. படிகாரம் கேட்டுத்தான் வைகைக் கரைச் சந்திலிருந்த உன் சாயப்பட்டறைக்கு வந்தேன்.

“எதுக்குய்யா படிகாரம்? சவரம் பண்ணவா?” என்றாய். உன் கைகள் முழங்கை வரை நீலமாக இருந்தன.

கையோடு கொண்டுபோயிருந்த பிளேட்டைக் காட்டினேன். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய், முகர்ந்தும் பார்த்தாய்.

“தண்ணி எங்க பிடிச்ச?”

“குழாயில.”

“அது வெயில்ல வெந்துல்ல வருது! இம்புட்டுச் சூட்டுல எந்தச் சாயம்யா நிக்கும்? எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நாளைக்கு இங்க வா.”

பிரசவத்தில் என் மனைவி போன பிறகு, இந்த ஊரில் யாரும் என்னை ‘வா’ என்று அப்படிக் கூப்பிட்டதில்லை. உனக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பட்டறைக்குப் பின்னால் நூல் மூட்டை போடும் அறையின் ஜன்னலைச் சாக்கால் அடைத்தாய். அரிக்கேன் விளக்குக்குச் சிவப்புத் துணி சுற்றினாய். ஈரத்துணி போர்த்திய மண்பானையில் கிணற்றுத் தண்ணீர் தயாராக இருந்தது. அன்று கழுவிய பிளேட்டில் பசை அசையாமல் நின்றது. அதில் தெரிந்தது உன் பட்டறைச் சுவரும் ஒரு கொடித் துணியும்தான். நாம் இருவரும் ஏதோ அரண்மனையைப் பிடித்துவிட்டது போலச் சிரித்தோம்.

அதன் பிறகு வியாழக்கிழமைதோறும் கோர்ட்டு முடிந்ததும் உன் பட்டறைதான். இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. செய்து பார்ப்பது உன் வேலை. லென்ஸின் துளையைக் குறைத்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்ற கணக்கு எனக்கு ஒரு மாதமாகப் பிடிபடவில்லை. நீ ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாய்.

“சாயம் கெட்டியா இருந்தா நூலைச் சட்டுனு எடு. தண்ணியா இருந்தா ஊற விடு. வெளிச்சமும் அப்படித்தான்யா.”

இன்றுவரை நான் அதற்கு மேல் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் பரவைப் பக்கம் போவோம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்கண்ணாடியில் கண்மாயும் பனைகளும் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்து நீ கத்துவாய்: “ஊரு இப்படி இருந்தாத்தான்யா நல்லாருக்கு!” நேரத்தை எண்ணும்போது மட்டும் உங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழிக்குப் போய்விடுவாய். அந்த எண்களை நான் கடைசிவரை கற்கவில்லை. நீ நிறுத்தினால் நானும் லென்ஸை மூடுவேன்.

இனி ருக்குவின் படத்தைப் பற்றி எழுத வேண்டும்.

உன் பட்டறைக்கு நாலு வீடு தள்ளி இருந்த நெசவுக்காரரின் மகள். ஒன்பது வயது. மூன்று வாரமாகக் காய்ச்சல். வைத்தியர் கைவிரித்துவிட்டார் என்று தெருவே பேசிக்கொண்டது. அவளுடைய தாய் பட்டறை வாசலில் வந்து நின்றாள். உன்னிடம் உங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

“போன பெறகு நாற்காலில உக்கார வச்சு எடுப்பாங்கல்ல, அந்தப் படம் எனக்கு வேணாம்ணே. கண்ணு தொறந்திருக்கைல ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

மறுநாள் முற்பகலில் அவர்கள் வீட்டு முற்றத்தில், வானவெளிச்சம் விழும் இடத்தில், தலையணைகளை அண்டக்கொடுத்து ருக்குவை உட்கார வைத்தார்கள். தலை பின்னிப் பூ வைத்திருந்தார்கள். உடம்பு துரும்பாக இருந்தது. கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. கேமராவைப் பார்த்து என்னவோ கேட்டாள்.

“எப்பக் காட்டுவீகன்னு கேக்குறா,” என்றாய்.

“நாளைக்கு,” என்றேன்.

முதல் படம் எடுத்தேன். பிறகு கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, கிட்டே கொண்டுபோய் இரண்டாவது எடுத்தேன். பிளேட் வைக்கும் பெட்டியில் முன்னும் பின்னுமாக இரண்டு கண்ணாடிகள் இருக்கும். ஒரு படம் எடுத்ததும் பெட்டியைத் திருப்பிச் செருக வேண்டும். நூறு தடவை செய்த வேலை. அன்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் திருப்ப மறந்துவிட்டேன்.

இருட்டறையில் முதல் கண்ணாடியைச் சிவப்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாய். “ரெண்டு பிள்ளைக தெரியுது,” என்றாய் மெதுவாக. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ருக்கு. இரண்டாவது கண்ணாடியில் எதுவுமே இல்லை.

மறுநாள் விடிந்ததும் திரும்ப எடுக்கப் போனோம். அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

துக்கம் கேட்கப் போனபோது அந்தத் தாய் அழுகையை நிறுத்திவிட்டு, “படம்?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ முந்திக்கொண்டாய்.

“கழுவுறப்ப என் கை தவறிருச்சும்மா. படம் அழிஞ்சு போச்சு.”

அவள் உன்னைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன்.

தெருமுனைக்கு வந்ததும் உன் கையைப் பிடித்து, “ஏன் அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன்.

“நீ வெளி ஆளு. நீதான் கெடுத்தன்னு தெரிஞ்சா உன்னைய இந்தத் தெருவுக்குள்ளயே விடமாட்டாக. என்னையன்னா நாலு நாள் வைவாக, அம்புட்டுத்தான். மூஞ்சியத் தொங்கப் போடாத. வியாழக்கெழம வந்துரு.”

“வாரேன்,” என்றேன்.

நான் வரவில்லை. நான் அங்கே வந்துபோக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பழியை நீ ஏற்றாய். நானோ அந்தப் பழியைத் தாண்டி வர முடியாமல் நின்றுவிட்டேன். சில வியாழக்கிழமைகளில் சந்து முனை வரை வந்திருக்கிறேன். அவள் வாசலில் நிற்பாளோ என்று தோன்றும், திரும்பிவிடுவேன். மாதங்கள் ஆனதும், இத்தனை நாள் வராததற்கு என்ன காரணம் சொல்வது என்பதே புதுத் தடையாகிவிட்டது. யுத்தம் வந்து கடைகளில் பிளேட் கிடைக்காமல் போனபோது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், நிம்மதியாகத்தான் இருந்தது. ஒருமுறை கடைத்தெருவில் என்னைப் பிடித்துவிட்டாய். “என்னய்யா, உயிரோடதான் இருக்கியா?” என்று சிரித்தாய். கோர்ட்டில் வேலை அதிகம் என்றேன். அன்றும் “வாரேன்” என்றுதான் சொல்லிப் போனேன்.

உன் தெருக்காரர் ஒருவர் தீர்ப்பு நகல் வாங்க வந்தபோதுதான் பேச்சோடு பேச்சாக நீ போய்ச் சேர்ந்ததைச் சொன்னார். நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரத்தில் முடிந்துவிட்டதாம். அவர் முன்னால் உட்கார்ந்து அந்த நகலை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெசவுக்காரர் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய்க்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் யாரென்று சொன்னதும் உட்காரச் சொன்னாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: பெட்டியைத் திருப்பாதது, வாய் திறக்காமல் நின்றது, எல்லாம்.

“ஒரு வருசம் அந்த மனுசன் மூஞ்சில முழிக்கல நான்,” என்றாள். “எதுக்க வந்தா கதவச் சாத்துவேன். இத நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம்.”



உள்ளே போய் ஒரு சிறு சட்டத்தைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய படம். நீள்வட்டமாக வெட்டியிருந்தது. ருக்கு. கண்கள் திறந்திருந்தன. கேமராவை நகர்த்தி எடுத்ததால் இரண்டாவது முகத்தில் ஒரு பகுதி முதல் உருவத்துக்கு வெளியே தப்பி விழுந்திருக்கிறது. மற்ற இடத்தையெல்லாம் கறுப்புக் காகிதத்தால் மறைத்து, அந்த இடத்தை மட்டும் நீ அச்சுப் போட்டிருக்கிறாய். எத்தனை காகிதம் வீணாகியிருக்கும், எத்தனை நாள் தனியாக உட்கார்ந்திருப்பாய் என்று அந்த வேலை தெரிந்த எனக்குத் தெரியும்.

“ஒரு வருசம் கழிச்சு ஒருநா சாயங்காலம் கொண்டாந்து குடுத்தாரு,” என்றாள். “எடுத்தவன் நல்லாத்தான் எடுத்திருக்கான்னாரு. மொதல்ல உங்ககிட்டக் காட்டணும்னு சிம்மக்கல்லுக்கு உங்க வீடு வரைக்கும் போனாராம். நீங்க இல்லையாம்.”

அந்த மாலை எனக்கு நினைவிருக்கிறது. மூன்று முறை கதவைத் தட்டினாய். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். “ஒரு விசயம்யா, நல்ல விசயம்,” என்றாய். கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு உன் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது.

அவளிடம் இதை நான் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் வீட்டில்தான் இருந்தேன்.