கரண்டைத் தாங்கும் பீங்கான்

“கரண்டையே தாங்குது, ஒரு கண்ணாடித் தொட்டியத் தாங்காதாடி?” என்று காலையில் கேட்டாயே டோமினிக் அண்ணா, தாங்காது. உன் பீங்கான் சூளையில் கழித்துப்போட்ட நாலு ஃபியூஸ் பீங்கானை மூலைக்கொன்றாக வைத்து, அதன்மேல் மீன்தொட்டியை ஏற்றியிருக்கிறாய். எழுபது லிட்டர் தண்ணீர் எழுபது கிலோ. அவ்வளவு கனமும் நாலே மூலையில் நிற்கிறது. ஒரு பீங்கான் இப்போதே விரிசல் விட்டுவிட்டது. நான் படிக்கும் ரஷ்ய நாவல்களில் ஒரு வீடு நாசமாக நானூறு பக்கமாவது ஆகும். உனக்கு அரைமணி போதும்.

மங்கலம்பேட்டையிலிருந்து பெண் வீட்டார் உன்னைப் பார்க்க நாலு மணிக்கு வருகிறார்கள். அதற்குள் மீன்களை அதே தண்ணீரோடு வாளியில் விட்டு, தொட்டியைக் காலிசெய்து, ஆடாத இரும்பு மேசைக்கு மாற்று. அடியில் முழுசாகத் தெர்மாகோல் விரி. தண்ணீரோடு தூக்காதே, அந்த வீரத்தைப் பார்க்கப் பெண் இன்னும் வரவில்லை.

நான் லைப்ரரிக்குப் போகிறேன். சாவி ஜன்னலில்.

ஆன் மேரி

சோறு அடுப்பில் இருக்கிறது. மீன்குழம்புதான், முறைக்காதே.

கறுப்பு மீனை எனக்காக வாங்கினாய் என்று அம்மா இப்போதுதான் போனில் சொன்னார்கள். நீயே சொல்லியிருக்கலாம். அதை மட்டும் கையால் பிடிக்காமல், கிண்ணத்தால் மெதுவாக மொண்டு விடுகிறாயா?